சேணத்தைக் கழற்றிப் பார்த்தீர்களா?



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே, சகோதரிகளே! கார்த்திகை தீபம் முடிந்து நம் ஊர் இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடுகிறது. தீபத்தோடு நம் திருவண்ணாமலையில் மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் கூடுவது உங்களுக்குத் தெரியும். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வருகிறார்கள். செஞ்சி நமக்குப் பக்கத்து ஊர். தேசிங்கு ராஜன் கதையும் அவனோடு நின்ற மஹபத்கான் கதையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம் பிள்ளைகள். குதிரையைக் கண்டால் நின்று பார்க்காமல் போக மாட்டார்கள்.

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு தம்பி இந்தமுறை சந்தையில் ஒரு குதிரை வாங்கினார். செம்பழுப்பு நிறம், அதிக உயரமில்லை. நிக்காஹ் ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று எண்ணம். ஒருநாள் இஷாவுக்குப் பிறகு என்னிடம் வந்து, "ஹஸ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும்" என்றார். வாடகைக்கு விடுவது ஆகுமா, வருமானத்துக்கு ஜகாத் எப்படி என்று கேட்டார். சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது திரும்பி வந்தார்.

"இன்னொண்ணு ஹஸ்ரத். சேணம் போடப் போனா காதைப் பின்னால மடக்குது. கடிக்க வருது. முதுகை வளைச்சுக் குனியுது. வித்தவர்கிட்ட ஃபோன்ல கேட்டேன். திமிரு, நாலு போடு போட்டா சரியாயிடும்னு சொல்றாரு. அடிக்கலாமா?"

ஜகாத்தைப் பற்றிய கேள்விக்கு உடனே பதில் சொன்ன எனக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். (இஷ்ராக் தொழுகை தவறிப்போனது. அது ஏன் பரவாயில்லை என்று பிறகு சொல்கிறேன்.) சேணத்தை எடுத்துவிட்டுப் பார்த்தோம். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் குதிரைக்கு மேடாக இருக்குமே, அந்தத் தோள்மேட்டின் இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவுக்கு முடி வெள்ளையாக இருந்தது. பிறவிப் புள்ளி என்றுதான் அந்தத் தம்பி நினைத்திருந்தார். அதற்குக் கீழே ஓரிடத்தில் தோல் உரிந்து ஈரமாக இருந்தது. விரலை வைத்ததும் முதுகுத் தோல் முழுவதும் அலைபோல் சிலிர்த்தது.

கால்நடை மருத்துவரை அழைத்து வந்தார்கள். காயத்தை அவர் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். பிறகு சேணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன் அடிப்பாகத்தையே வெகுநேரம் பார்த்தார். "நோய் குதிரைக்கு இல்லை, இதுக்குத்தான்" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். குதிரையின் முதுகெலும்பு நேரடியாகச் சுமை தாங்குவதற்கு ஏற்பட்டதல்ல. எலும்பின் இரண்டு பக்கத்துச் சதையின் மீது பாரம் பரவ வேண்டும். அதனால் நல்ல சேணத்தின் அடியில், நடுவே ஒரு வாய்க்கால் போல இடைவெளி விட்டிருப்பார்கள். ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். சேணத்தின் முன்பகுதி தோள்பட்டை எலும்பின் மேல் ஏறக் கூடாது. குதிரை காலை முன்னால் எடுத்து வைக்கும்போது அந்த எலும்பு பின்னோக்கி நகரும், இடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் இடிக்கும். குதிரைக்கு 18 ஜோடி விலா எலும்பு. கடைசி விலாவைத் தாண்டிச் சேணம் பின்னால் போகக் கூடாது. அதற்கப்பால் இடுப்பு, அங்கே பாரத்தைத் தாங்க அடியில் எதுவும் இல்லை.

சேணத்தின் உள்ளே ஒரு சட்டம் உண்டு, பெரும்பாலும் மரம். அது குதிரையைவிடக் குறுகலாக இருந்தால் இரண்டு பக்கமும் இடுக்கி போலக் கிள்ளும். அகலமாக இருந்தால் கீழே இறங்கி நேராக எலும்பின் மேல் உட்காரும். வளைவு பொருந்தாவிட்டால் முன்னும் பின்னும் மட்டும் தொட்டுக்கொண்டு நடுவில் பாலம் போல் நிற்கும். ஒரு மனிதனின் முழு எடையும் நான்கு சின்ன இடங்களில் இறங்கும். அப்படி அழுத்தம் தொடர்ந்தால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் தடைப்படும். படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிக்குப் படுக்கைப்புண் வருகிறதே, அதே கதைதான். முடியின் வேர் கெட்டு, அடுத்து முளைக்கும் முடி வெள்ளையாக வரும். நாங்கள் பார்த்த அந்த வெள்ளைத் திட்டு இந்தக் குதிரை பல மாதம், ஒருவேளை பல வருடம், சொல்லிக்கொண்டிருந்த முறையீடு.

அந்தத் தம்பி நல்ல பிள்ளை. சேணம் உறுத்துகிறதோ என்று சந்தேகப்பட்டு, தன் சொந்தக் கம்பளியை மடித்து அடியில் போட்டிருந்தார். ஒன்றல்ல, இரண்டு. மருத்துவர் சிரித்துவிட்டார். "ஷூ இறுக்கமா இருக்குன்னு ரெண்டு சாக்ஸ் போட்டுக்குவீங்களா?" என்றார். ஏற்கெனவே குறுகலான சேணம். கம்பளி போடப் போட இன்னும் இறுகியது. இரக்கப்பட்டு அவர் செய்த காரியம் குதிரையின் வலியைக் கூட்டியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம்.

நாம் எல்லோரும் நிய்யத்தைப் பற்றிப் பேசுகிறோம். அமல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்பதை மத்ரஸாவில் முதல் பாடமாக ஓதுகிறோம். அது உண்மை. ஆனால் நம் நிய்யத் நல்லதாக இருந்தால் மற்றவர் உடம்பில் நாம் ஏற்படுத்திய காயம் காயமில்லாமல் ஆகிவிடுமா? அந்தக் கம்பளிக்கு அல்லாஹ்விடம் கூலி கிடைக்கலாம். குதிரைக்குக் கிடைத்தது புண்.

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு ஹதீஸ் நமக்கெல்லாம் மனப்பாடம். எல்லாவற்றிலும் இஹ்ஸானை, அழகுறச் செய்வதை, அல்லாஹ் கடமையாக்கியிருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். உடனே எதை உதாரணமாகக் காட்டினார்கள்? அறுப்பதை. அறுக்கும்போது மனதுக்குள் இரக்கம் கொள்ளுங்கள் என்றா சொன்னார்கள்? கத்தியைத் தீட்டிக்கொள்ளச் சொன்னார்கள். இத்தனை வருடம் இந்த ஹதீஸை ஓதிக் கொடுத்தும், இரக்கத்தின் இடம் கத்தியின் முனையில் இருக்கிறது என்பது எனக்கு அந்தக் கொட்டகையில்தான் உறைத்தது. மழுங்கிய கத்தியோடு கண்ணீர் விட்டு அறுப்பவனைவிட, பேசாமல் தீட்டிக்கொண்டு வருபவன் ஆட்டுக்கு நல்லவன். குதிரைக்குச் சேணமும் அப்படித்தான்.

முதுகைப் பற்றி மார்க்கம் எவ்வளவு பேசியிருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். புகாரியில் குதிரைகளை மூன்று வகையாகப் பிரிக்கும் ஹதீஸ் இருக்கிறது: ஒருவருக்கு நற்கூலி, ஒருவருக்குத் திரை, ஒருவருக்குப் பாவச் சுமை. அதில் திரையாக அமையும் குதிரையின் சொந்தக்காரரைப் பற்றிச் சொல்லும்போது, அதன் கழுத்திலும் முதுகிலும் உள்ள அல்லாஹ்வின் உரிமையை அவர் மறக்கவில்லை என்று வருகிறது. கழுத்தில் உள்ள உரிமையை ஜகாத்தோடு சேர்த்து இமாம்கள் நிறைய விவாதித்திருக்கிறார்கள். முதுகில் உள்ள உரிமையும் அதே வரியில்தான் இருக்கிறது. சக்திக்கு மீறி ஏற்றாமல் இருப்பது அதில் சேரும் என்று விளக்கம் சொன்னவர்கள் உண்டு. அந்தத் தம்பி என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார் அல்லவா? ஒன்று கழுத்து, ஒன்று முதுகு. எனக்குக் கழுத்து மட்டும் தெரிந்திருந்தது.

அபூதாவூதில் இன்னொரு ஹதீஸ்: வாகனப் பிராணிகளின் முதுகை மிம்பர் மேடையாக்கிக் கொள்ளாதீர்கள் என்று நபி (ஸல்) தடுத்தார்கள். சிரமப்படாமல் அடைய முடியாத ஊருக்கு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகத்தான் அவை வசப்படுத்தப்பட்டிருக்கின்றன என்று காரணமும் சொன்னார்கள். நம் ஊர் நிக்காஹ் ஊர்வலத்தை நினைத்துப் பாருங்கள். பேண்டு வாத்தியத்துக்கு நடுவே, வீடியோக்காரர் போதும் என்று சொல்லும்வரை, முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் குதிரை நிற்கிறது. மேலே மாப்பிள்ளை, அவருக்கு முன்னால் அக்கா மகன். நம் வீட்டு மாப்பிள்ளைகள் பிரியாணி சாப்பிட்டு வளர்ந்தவர்கள். எடையை நான் சொல்ல வேண்டியதில்லை. பொதி சுமக்கும் மட்டக்குதிரைக்கு 70 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 1965-இல் வந்த மத்திய அரசின் விதி சொல்கிறது. புண்பட்ட பிராணியை வேலை வாங்குவது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். முதுகை மேடையாக்காதீர்கள் என்ற கட்டளை இவற்றுக்கெல்லாம் பல நூற்றாண்டு முந்தியது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு முன்னால் என் நிக்காஹ் அன்று நானும் குதிரையில் ஏறினேன். வேண்டாம் என்றேன், பெரியவர்கள் ஆசைப்பட்டார்கள். அப்போதுதான் பட்டம் வாங்கி வந்த புது ஆலிம் அல்லவா, ஏறியதும் சபையார் கேட்கும்படி வாகன துஆவைச் சத்தமாக ஓதினேன். சூரா ஸுக்ருஃபில் வருகிற துஆ. அந்த வசனங்களில் இந்தப் பிராணிகளின் முதுகு என்ற வார்த்தையே வருகிறது. இதைக் கட்டுப்படுத்தும் சக்தி எங்களுக்கு இருந்ததில்லை, நாங்கள் எங்கள் இறைவனிடம் திரும்பிச் செல்பவர்கள் என்று ஒப்புக்கொள்கிற துஆ. இரவு எல்லாம் முடிந்து கை கழுவப் பின்பக்கம் போனபோது, குதிரைக்காரர் ஜரிகைத் துணியை உருவிக்கொண்டிருந்தார். துணி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அவர் தண்ணீர் தெளித்து மெதுவாகப் பிரித்தார். அடியில் இருந்ததை நான் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அன்று எனக்கு நல்ல நாள். அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை, உள்ளே போய்விட்டேன். இதுவரை என் மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

எனக்குத் தெரியாது என்று நான் சொல்லலாம். ஏறும்போது உண்மையிலேயே தெரியாது. அல்லாஹ் தவறுதலை மன்னிப்பவன். ஆனால் ஃபிக்ஹ் இரண்டு விஷயங்களைப் பிரித்து வைத்திருக்கிறது: ஒன்று பாவம், மற்றொன்று ளமான் என்கிற ஈட்டுப் பொறுப்பு. பாவம் இல்லாத இடத்திலும் பொறுப்பு இருக்கும். தூக்கத்தில் புரண்டு அடுத்தவர் பாத்திரத்தை உடைத்தவனுக்குப் பாவம் இல்லை. பாத்திரத்தின் விலை உண்டு.

நாங்கள் ஓதிய ஹிதாயாவில், வாடகைப் பாடத்தில், சேணத்தைப் பற்றியே ஒரு மஸ்அலா இருக்கிறது. மர்கீனானி இமாம் (ரஹ்) ஹிஜ்ரி 593-இல் மறைந்தவர்கள். ஒருவர் கழுதையைச் சேணத்தோடு வாடகைக்கு எடுத்து, அந்தச் சேணத்தைக் கழற்றிவிட்டு வேறு சேணம் போடுகிறார், கழுதை இறந்துவிடுகிறது. அப்படிப்பட்ட கழுதைக்கு வழக்கமாகப் போடும் சேணம்தான், எடையும் கூடுதலில்லை என்றால் அவர் மேல் பொறுப்பு இல்லை. அத்தகைய கழுதைக்குப் போடாத சேணம் என்றால் விலையைக் கொடுக்க வேண்டும். பொதிச் சேணத்தை மாற்றிப் போட்டால் என்ன என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும் அவர்களுடைய இரண்டு மாணவர்களுக்கும் கருத்து வேறுபாடு. அதற்குச் சொல்லப்படும் காரணத்தைக் கவனியுங்கள்: ஒன்று முதுகில் பரவுகிற விதம் வேறு, மற்றது பரவுகிற விதம் வேறு. எண்ணூறு வருடத்துக்கு முன்னால், பாரம் எங்கே எப்படிப் பரவுகிறது என்று நம் ஃபுகஹாக்கள் உட்கார்ந்து வாதாடியிருக்கிறார்கள். பரீட்சைக்காக இந்தப் பகுதியை நான் உருப்போட்டேன். கழுதை எங்கே, சேணம் எங்கே, இந்தக் காலத்தில் இது எதற்கு என்று நண்பர்களோடு சிரித்ததும் நினைவிருக்கிறது. என் நிக்காஹ் அதற்கு அடுத்த வருடம்.

அந்த மஸ்அலாவில் போட்டவருடைய நிய்யத் என்ன என்று யாரும் கேட்கவில்லை. பொருந்துமா, பொருந்தாதா என்பது மட்டுமே கேள்வி.

பழைய வரலாறும் இதில் நமக்குப் பெருமை தருவதாக இல்லை. ராவுத்தர் என்ற சொல்லே குதிரை வீரனைக் குறிப்பது; நம் ஊரோடு பெயர் சேர்ந்த அருணகிரிநாதர் முருகனை அந்தச் சொல்லாலேயே அழைத்துப் பாடியிருக்கிறார். குதிரை ஏறுவதில் நம் முன்னோர் அவ்வளவு பேர் பெற்றவர்கள். சரி, குதிரையின் நிலை என்ன? 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்: ஹுர்முஸ், கிஷ், ஏடன் துறைகளிலிருந்து ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் வந்தன, பராமரிக்கத் தெரியாமல் ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சவில்லை என்று. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கடலில் இறந்துபோன குதிரைக்கும் அரசன் விலை கொடுத்ததாக எழுதுகிறார். மார்க்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே வந்துவிடாமல் அந்த வணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருடம் வியாபாரம்! போலோ மிகைப்படுத்திப் பேசுபவர் என்பார்கள். பாதி உண்மை என்றாலும், அந்தத் துறைகளின் வணிகர்களில் பெரும்பாலோர் தொழுகிறவர்கள், ஜகாத் கொடுத்தவர்கள், கழுத்தின் உரிமையை மறக்காதவர்கள்.

அறியாமை எப்போதும் தானாக வருவதில்லை. சில நேரம் அதை நாமே பொத்திப் பாதுகாக்கிறோம், தெரிந்தால் செலவு வரும் என்பதால். நான் அன்றிரவு கை கழுவிவிட்டு உள்ளே போனதும் அந்த வகைதான்.

ஒரு வார்த்தை கடைக்காரர்களுக்கும். துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அவர்களுக்கு வாய் இருக்கிறது. இருந்தும் யாரும் முதலாளியிடம் கால் வலி என்று சொல்லவில்லை. சரி, குதிரைக்கே வருகிறேன்.

ஒரு அன்ஸாரித் தோழரின் தோட்டத்தில் நின்ற ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டதும் கண்ணீர் விட்டது. நபியவர்கள் அதன் காதுக்குப் பின்னால் தடவிக் கொடுத்தார்கள். அமைதியானதும், இது யாருடையது என்று கேட்டார்கள். பட்டினி போடுகிறாய், ஓயாமல் வேலை வாங்குகிறாய் என்று இது என்னிடம் முறையிட்டது என அதன் சொந்தக்காரரான இளைஞரிடம் சொன்னார்கள் (அபூதாவூத்). ஒட்டகத்தின் பாஷை நமக்குப் புரியாது. ஆனால் மடங்கிய காது, சிலிர்க்கும் தோல், வெள்ளை முடி இவற்றைப் படிக்க நுபுவ்வத் தேவையில்லை. சேணத்தைக் கழற்றியதும் வியர்வைத் தடத்தைப் பாருங்கள் என்றார் மருத்துவர். எல்லா இடமும் ஒரேபோல் நனைந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்துகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். இதைப் பார்க்க இறங்கினால் போதும். மேலே உட்கார்ந்திருக்கிறவருக்கு மட்டும் அது தெரியாது.

இஷ்ராக் விஷயத்துக்கு வருகிறேன். அனஸ் (ரலி) அவர்கள் ஸஹாபாக்களின் பயணத்தைப் பற்றிச் சொல்கிறார்கள்: ஓரிடத்தில் இறங்கினால், பிராணிகளின் சேணங்களை அவிழ்க்கும்வரை நாங்கள் தொழ மாட்டோம் என்று (அபூதாவூத்). இங்கே சொல்லப்படுவது நஃபில் தொழுகை. தொழுகையின் மீது அவ்வளவு ஆசை இருந்தும் பிராணிக்கு ஓய்வு கொடுப்பதை அதற்கு முன் வைத்தார்கள் என்று இமாம் நவவி (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில் விளக்கம் எழுதுகிறார்கள். களைத்து வந்த பயணி முஸல்லாவை விரிக்கும் முன் கையை வைக்க வேண்டிய இடம் குதிரையின் வயிற்றுப்பட்டை.

மறுமையில் கொம்பில்லாத ஆட்டுக்காகக் கொம்புள்ள ஆட்டிடம் கணக்குத் தீர்க்கப்படும் என்று முஸ்லிமில் வருகிறது. ஆட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவிலேயே கணக்கு உண்டு. மனிதருக்குச் செய்த தவறு என்றால், பாதிக்கப்பட்டவரிடமே போய் மன்னிப்புக் கேளுங்கள் என்று உங்களுக்கு நான் ஃபத்வா சொல்வேன். என் குதிரை விஷயத்தில் நான் யாரிடம் போவது? அது இந்நேரம் உயிரோடு இருக்காது. தவ்பா செய்கிறேன், வாயில்லா ஜீவன்களுக்கு என்னால் முடிந்ததைச் செய்கிறேன். கணக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அந்தத் தம்பி கையில் இருந்த இரண்டு நிக்காஹ்களுக்கும் வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடன் வாங்கி வாங்கிய குதிரை, தவணை நிற்காது. ஒரு மணமகனின் வாப்பா எனக்கே ஃபோன் செய்து, "ஹஸ்ரத், நீங்க சொல்லித்தான் குதிரை வரலியாமே" என்று வருத்தப்பட்டார். ஆமாம் என்றேன். கார் இருக்கிறது, அதற்கு முதுகு வலிக்காது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

தோல் வேலை செய்கிற பெரியவர் ஒருவர் வந்து, வளைகிற கம்பி ஒன்றைக் குதிரையின் முதுகில் மூன்று இடத்தில் வைத்து அழுத்தி, அந்த வளைவை அட்டையில் வரைந்துகொண்டு போயிருக்கிறார். இப்போது மெலிந்திருக்கிறது, தீனி எடுத்துச் சதை பிடித்தால் மறுபடி அளக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

நேற்று அஸருக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் வெறும் முதுகோடு நிற்கிறது. புண் காய்ந்து வருகிறது. வெள்ளை முடி பழைய நிறத்துக்குத் திரும்பாது என்று மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். தோள்மேட்டுப் பக்கம் கையைக் கொண்டுபோனேன். காதை மடக்கியது. கையை எடுத்துவிட்டு, காதுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் தடவிக் கொடுத்துவிட்டு மஃரிபுக்கு வந்துவிட்டேன்.